மஞ்சள் ஜாக்கெட்டைக் கண்டாலே கை நடுங்குகிறது

கேள்வி: கேப்டன் சார், வணக்கம். எனக்குத் திருச்சி. ஏர்பஸ் 320-ல் ஃபர்ஸ்ட் ஆபீசராக, அதாவது கோ-பைலட்டாகச் சேர்ந்து பதினான்கு மாதம் ஆகிறது. போன மாதம் ஒரு நாள், தரையிறங்கி மறுபடி கிளம்ப 35 நிமிடம்தான் இருந்தது. காக்பிட்டில் அடுத்த பயணத்துக்கு எல்லாவற்றையும் செட் செய்துகொண்டிருந்தேன். முன்னறிவிப்பு இல்லாமல் மஞ்சள் ஜாக்கெட் போட்ட விமானப் போக்குவரத்து ஆய்வாளர்கள் இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். லைசன்ஸ், மெடிக்கல் சான்றிதழ் எல்லாம் சரியாக இருந்தது. டார்ச்சைப் போட்டுக் காட்டச் சொன்னார்கள். மங்கலாக எரிந்து அணைந்துபோனது. விமானத்தின் பழுதுகளை எழுதிவைக்கும் டெக் லாகில் இருந்த ஒரு பழுதைக் காட்டி, அதோடு பறக்க என்ன நிபந்தனை என்று கேட்டார்கள். தெரிந்த விஷயம்தான், வார்த்தையே வரவில்லை. ஏதோ எழுதிக்கொண்டு போனார்கள். 20 நிமிடம் தாமதம். “உன்னாலதான் லேட்” என்றார் என் கேப்டன். அன்றிலிருந்து விமானத்தின் அருகே மஞ்சள் ஜாக்கெட் போட்ட புதியவர் யார் வந்தாலும் கை நடுங்குகிறது. என் பெயரில் கறுப்புப் புள்ளி விழுந்துவிட்டதா? அடுத்த ஆண்டு ஐரோப்பா போகும் பெரிய விமானத்துக்கு மாறப்போகிறேன். அங்கே இன்னும் கடுமை என்கிறார்கள். இருமலுக்குப் பாட்டி கொடுக்கும் அரிஷ்டத்தைத் தொடக்கூடப் பயம். இவ்வளவு பயந்துகொண்டு எதற்கு இந்த வேலை, விட்டுவிடு என்கிறார் அம்மா.
– பெயர் வெளியிட வேண்டாம், திருச்சி

பதில்: முதலில் அந்தக் கறுப்புப் புள்ளியைப் பார்த்துவிடுவோம். லைசன்ஸைக் கொஞ்ச காலம் நிறுத்திவைப்பது போன்ற நடவடிக்கைகள் எல்லாம் வேறு ரகக் குற்றங்களுக்கு. மெடிக்கல் காலாவதியான பிறகும் பறந்தவர், மது குடித்து மூச்சுப் பரிசோதனையில் மாட்டியவர், பணி நேர வரம்பைத் தெரிந்தே மீறியவர், இவர்கள் கவலைப்பட வேண்டும். மங்கலான டார்ச் அந்த வரிசையில் வராது. அது ஒரு குறிப்பாக உங்கள் நிறுவனத்துக்குப் போகும். என்ன சரிசெய்தோம் என்று நிறுவனம் பதில் எழுதும். நீங்கள் இரண்டு பேட்டரி வாங்குவீர்கள். அவ்வளவுதான்.

ஆனால் டார்ச் அற்பமான விஷயம் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். இரவில் மின்சாரம் போய்ப் புகை சூழ்ந்த விமானத்திலிருந்து ஆட்களை வெளியேற்றும்போது உங்கள் கையில் இருக்கப்போகும் ஒரே வெளிச்சம் அது. ஆய்வாளர்கள் கேட்டது நியாயம்.

அடுத்தது அந்தப் பழுதுக் கேள்வி. பழுதோடு பறக்கலாமா, எத்தனை நாள், என்ன நிபந்தனை என்பதையெல்லாம் சொல்லும் எம்.இ.எல். புத்தகத்தை மனப்பாடம் செய்யச் சொல்லி எந்த ஆய்வாளரும் கேட்பதில்லை. “ஒரு நிமிஷம் சார், பார்த்துச் சொல்கிறேன்” என்று புத்தகத்தைத் திறந்திருந்தால் போதும். எங்கே தேட வேண்டும், தேடியதைப் படித்துப் புரிந்துகொள்ளத் தெரிகிறதா என்பதுதான் அவருக்கு வேண்டும். சொல்லப்போனால், புத்தகத்தைத் தொடாமல் கடகடவென்று தப்பாக ஒப்பித்தவர்கள்தான் வாங்கிக் கட்டிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் வைவா தேர்வுக்குப் போன மாணவி மாதிரி விழித்திருக்கிறீர்கள். பதினான்கு மாதத்தில் அது இயல்புதான்.

“உன்னாலதான் லேட்” என்ற கேப்டனைப் பற்றி. அவர் சொன்னது தவறு. விமானத்துக்கும் அதில் இருப்பவர்களுக்கும் பொறுப்பு அவர். ஆய்வு வந்தால் தாமதம் வரத்தான் செய்யும். தாமதத்துக்கான காரணம் எழுதும் இடத்தில் ‘ஆய்வு’ என்று எழுதிவிட்டுப் போக வேண்டியதுதான். கேப்டன் சொன்ன அந்த வார்த்தைதான் உங்கள் மனத்தில் தங்கியிருக்கிறது, ஆய்வாளர் எழுதிய தாள் இல்லை என்பது என் ஊகம்.

சொல்லாமல் கொள்ளாமல் ஏன் வருகிறார்கள் என்று கிரூ ரூமில் எல்லோரும் புலம்புவோம். நானும் புலம்பியவன்தான். ஆனால் சொல்லிவிட்டு வந்தால் அவர்கள் பார்ப்பது கல்யாணத்துக்கு வெள்ளையடித்த வீட்டை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் வீடு எப்படி இருக்கிறது என்று பார்க்க, செவ்வாய்க்கிழமை மத்தியானம்தான் வர வேண்டும். இந்த உரிமை இன்று நேற்று வந்ததும் அல்ல. 1944 டிசம்பரில் சிகாகோவில் கையெழுத்தான உலக விமானப் போக்குவரத்து ஒப்பந்தத்தின் 16-வது பிரிவே, தன் மண்ணில் இறங்கும் வெளிநாட்டு விமானத்தை அநாவசியத் தாமதமின்றிச் சோதிக்கவும் ஆவணங்களைப் பார்க்கவும் ஒவ்வொரு நாட்டுக்கும் உரிமை தருகிறது. விமானத்தில் என்னென்ன ஆவணம் இருக்க வேண்டும் என்பதை 29-வது பிரிவு சொல்கிறது.

ஐரோப்பாவுக்குப் போகப்போகிறீர்கள், அதனால் ஒரு பழைய கதை. 2004 ஜனவரி 3 அன்று எகிப்தின் ஷர்ம் எல் ஷேக்கிலிருந்து கிளம்பிய ஃபிளாஷ் ஏர்லைன்ஸ் விமானம் செங்கடலில் விழுந்தது. 148 பேரும் இறந்தார்கள், பெரும்பாலோர் பிரெஞ்சுக்காரர்கள். விபத்துக்குப் பிறகுதான் பலருக்கும் தெரியவந்தது: 2002-லேயே தரையில் சோதித்துப் பார்த்த சுவிட்சர்லாந்து, அந்த நிறுவனம் தன் நாட்டுக்குள் வரக்கூடாது என்று தடை போட்டிருந்தது. விழுந்ததற்கும் அந்தச் சோதனையில் கண்ட குறைகளுக்கும் தொடர்பு உண்டு என்று நான் சொல்லவில்லை. பக்கத்து நாட்டுக்குத் தெரிந்தது டிக்கெட் வாங்கிய பிரெஞ்சுக்காரருக்குத் தெரியவில்லையே என்ற கோபம்தான் பெரிதாக எழுந்தது. ஐரோப்பிய வானில் பறக்கக்கூடாத நிறுவனங்களின் பொதுப் பட்டியல் 2006 மார்ச்சில் முதன்முதலாக வெளிவந்ததற்கு அந்தக் கோபமும் ஒரு காரணம். டார்ச்சையும் டயரையும் பார்த்து ஒருவர் தாளில் கிறுக்குவது எங்கே போய்ச் சேரும் என்று புரியட்டும் என்பதற்காகச் சொன்னேன்.

இப்போது உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்றுக்கு வருகிறேன். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. ஆய்வாளர்கள் வந்தபோது ‘எல்லாவற்றையும் செட் செய்துகொண்டிருந்தேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் போன பிறகு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தீர்களா, முதலிலிருந்து தொடங்கினீர்களா? கடிதத்தில் அது இல்லை. தாமதமும் திட்டும் மட்டும் இருக்கின்றன.

நான் போயிங் 737 ஓட்டிய காலத்தில் எனக்கு நடந்தது இது. மழைக்கால மாலை, ஏற்கெனவே தாமதம். ஒரு ஆய்வாளர் வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிற ரகம். அவர் கேட்க, நான் பதில் சொல்ல, உள்ளுக்குள் எரிச்சல் ஏறிக்கொண்டே போனது. குறை ஒன்றும் எழுதாமல் கை குலுக்கிவிட்டு இறங்கிப் போனார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன், கதவைச் சாத்தச் சொன்னேன், கிளம்பினோம். ஓடுபாதைக்குப் போகும் வழியில் என் கோ-பைலட், உங்கள் வயதுப் பையன், தயங்கித் தயங்கிச் சொன்னான்: “சார், டிரிம் மாத்தலையே.” டிரிம் என்பது எடைக்கு ஏற்ப வால் பகுதியின் கோணத்தைச் சரிசெய்துவைப்பது. அது முந்தைய தரையிறக்கத்தில் இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தது. கிளம்பும்போது எச்சரிக்கை மணியும் அடித்திருக்காது, ஏனென்றால் அது அனுமதிக்கப்பட்ட அளவைக் காட்டும் பச்சைப் பட்டைக்குள்தான் இருந்தது. ஆனால் அன்றைய எடைக்கு உரிய எண் அது இல்லை. அந்த வேலையைச் செய்யும் நிமிடத்தில்தான் நான் ஆய்வாளருக்குத் தாள் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். செய்துவிட்டதாக மூளை பதிந்துகொண்டது. அந்தப் பையன் வாய் திறக்காமல் இருந்திருந்தால்? பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது, மூக்கைத் தூக்கக் கொஞ்சம் கனமாக இருந்திருக்கும். இருந்தாலும் அன்று ராத்திரி ஓட்டலில் தூக்கம் வரவில்லை.

2008 ஆகஸ்ட் 20 அன்று மாட்ரிட்டில் ஸ்பேன்ஏர் 5022 கிளம்பத் தயாராகிப் போய், வெப்பநிலை காட்டும் கருவி ஒன்றில் பழுது என்று திரும்பி வந்தது. தாமதமாகி, வெயிலில் காத்திருந்து, மறுபடி கிளம்பியபோது, மேலெழும்ப உதவும் இறக்கையின் ஃபிளாப்களை இறக்கவே இல்லை. எச்சரிக்க வேண்டிய மணியும் ஒலிக்கவில்லை. 172 பேரில் 154 பேர் இறந்தார்கள். அது ஆய்வால் வந்த தாமதம் இல்லை. ஆனால் வேலை பாதியில் அறுந்து, நேரம் போய்விட்டதே என்ற பதைப்போடு மறுபடி தொடங்குவது என்ற வகையில் அன்று உங்களுக்கு நடந்ததும் அதுவும் ஒன்றுதான். ஆய்வாளரைப் பார்த்து நடுங்குகிற கை, அவர் போன பிறகு வரும் பத்து நிமிடத்தைப் பார்த்து நடுங்கினால் எனக்குச் சந்தோஷம்.

அதனால் அடுத்த முறை யாராவது உள்ளே வந்தால், முதலில் அடையாள அட்டையைப் பாருங்கள். கூச்சமே வேண்டாம், மஞ்சள் ஜாக்கெட் கடையில் கிடைக்கும், அட்டை கிடைக்காது. ஏதாவது எண்ணைப் பதிந்துகொண்டிருக்கும் நேரமாக இருந்தால், “இதை முடித்துவிட்டு வருகிறேன் சார்” என்று சொல்லலாம். விவரம் தெரிந்த ஆய்வாளர் காத்திருப்பார். முடியாது என்றால் கையை எடுத்துவிடுங்கள். ஒரு கையால் தாள் கொடுத்துக்கொண்டு இன்னொரு கையால் பட்டன் அழுத்தும் திறமை யாருக்கும் வேண்டாம். கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள், கேட்காத கதையைச் சொல்ல வேண்டாம், வாதாட வேண்டாம். அவர்கள் இறங்கியதும் கேப்டனிடம், “சார், முதல்லேர்ந்து ஒரு தடவை போயிடலாமா?” என்று கேளுங்கள். முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். என் கோ-பைலட்டுக்கும் அன்று அந்தத் தயக்கம் இருந்தது.

ஆய்வாளரை எதிரி அணி என்று நினைக்காமல் இருப்பதற்கு எனக்கு உதவியது ஒரு டயர். விமானத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு என் கோ-பைலட் மேலே வந்து ‘எல்லாம் ஓகே’ சொன்ன இரண்டாவது நிமிடம், கீழேயிருந்த ஆய்வாளர் என்னைக் கூப்பிட்டு டயரில் ஒரு வெட்டைக் காட்டினார். உள்ளே நூல் தெரிந்தது. சக்கரம் நின்ற கோணத்தில் அது எங்கள் கண்ணில் படவில்லை. டயரை மாற்றிவிட்டுத்தான் போனோம். கோபப்பட என்ன இருக்கிறது?

ஐரோப்பாவில் இன்னும் கடுமையா என்றால், கடுமை என்பதைவிட ஒழுங்கு என்று சொல்வேன். எந்த நாட்டில் இறங்கினாலும் ஒரே பட்டியல். ஐம்பதுக்கும் மேற்பட்ட தலைப்புகள், அதில் முதல் 24 காக்பிட்டும் ஆவணங்களும் பயணத் தயாரிப்பும் சார்ந்தவை. கண்டதை மூன்று படிகளில் தரம் பிரிப்பார்கள். முதல் படி என்றால் கேப்டனிடம் சொல்லுவதோடு சரி. இரண்டாவது என்றால் நிறுவனத்துக்கும் நம் நாட்டு அதிகாரிகளுக்கும் கடிதம் போகும். மூன்றாவது என்றால் சரிசெய்த பிறகே, அல்லது நிபந்தனையோடுதான் கிளம்பலாம். முடிவுகள் எல்லாம் ஒரே பொதுத் தரவுத்தளத்தில் ஏறும், அதனால் ரோமில் கண்டது பாரிஸுக்கும் தெரியும். முக்கியமான பாதுகாப்புக் காரணம் இல்லாமல் விமானத்தைத் தாமதப்படுத்தக் கூடாது என்பது அவர்களுக்கே உள்ள விதி. கடைசியில் ஒரு தாளில் கையெழுத்து கேட்பார்கள். பயந்து பின்வாங்க வேண்டாம். தாள் கைக்கு வந்தது என்பதற்கான கையெழுத்துதான் அது, எழுதியதை ஒப்புக்கொண்டதாக அர்த்தமில்லை.

அரிஷ்டத்தில் மட்டும் உங்கள் பயம் நூற்றுக்கு நூறு சரி. பாட்டி கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. அரிஷ்டம், ஆசவம் எல்லாம் புளிக்கவைத்துச் செய்பவை, ஆல்கஹால் அதிலேயே உருவாகிவிடும். நம் நாட்டு விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டி.ஜி.சி.ஏ. விதிப்படி பறப்பதற்கு முந்தைய 12 மணி நேரத்தில் மது கூடாது, மூச்சுப் பரிசோதனையில் பூஜ்யம்தான் வர வேண்டும். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷைக்கூடத் தவிர்க்கச் சொல்கிறார்கள். முதல் முறை மாட்டினால் மூன்று மாதம் லைசன்ஸ் நிறுத்தம், இரண்டாவது முறை மூன்று வருடம், மூன்றாவது முறை லைசன்ஸே போய்விடும். “இருமலுக்குக் குடித்தேன்” என்ற பதில் எடுபடாது. இருமினால் நிறுவன மருத்துவரிடம் போங்கள். பாட்டியிடம் சுக்குக் கஷாயம் கேளுங்கள், அதில் வம்பில்லை.

அம்மாவுக்கு நான் என்ன சொல்ல? வேலையை விடுவது உங்கள் இஷ்டம், ஆனால் ஒரு பேட்டரிக்காக விட வேண்டாம். கை நடுக்கம் இன்னும் இரண்டு மாதத்தில் குறையவில்லை என்றால் உங்கள் நிறுவனத்தில் பைலட்டுகளுக்கான ஆலோசனைக் குழு இருக்கிறதா என்று பாருங்கள். சக பைலட் ஒருவரிடம் மனம் விட்டுப் பேசுவது குறையாகாது.

நீங்கள் கண்ணாடி போடுபவரா என்று எழுதவில்லை. மெடிக்கலில் கண்ணாடி கட்டாயம் என்று இருந்தால் இரண்டாவது கண்ணாடி ஒன்றும் கைவசம் இருக்க வேண்டும், ஐரோப்பாவில் அதை எடுத்துக் காட்டச் சொல்வார்கள். என் நண்பர் ஒருவர் கெத்தாகப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். போட்டுப் பாருங்கள் என்றார் ஆய்வாளர். போட்டால் எதிரே இருப்பவர் முகமே தெரியவில்லை. அது நண்பரின் மனைவி பத்திரிகை படிக்கிற கண்ணாடி.