மூன்று முறை கலைந்த கரு: குற்றவாளி ஆன்டிபாடிதானா?

கேள்வி: எனக்கு வயது 29. நான்கு ஆண்டுகளில் மூன்று முறை எட்டு, ஒன்பது வாரத்தில் கரு கலைந்துவிட்டது. போன மாதப் பரிசோதனையில் ஏ.என்.ஏ. பாசிட்டிவ், ஆன்டிகார்டியோலிபின் பாசிட்டிவ் என்று வந்தது. “உன் உடம்பே குழந்தையை அழிக்கிறது” என்று சொல்லி ஸ்டீராய்டு மாத்திரை எழுதித் தந்திருக்கிறார்கள். இன்னும் ஆரம்பிக்கவில்லை. சென்ற கர்ப்பத்தின்போது வி.டி.ஆர்.எல். பாசிட்டிவ் என்று வந்ததால் கணவர் வீட்டில் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: கடைசியில் தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறீர்களே, அந்த வி.டி.ஆர்.எல். விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். பால்வினை நோயான சிபிலிஸைக் கண்டறியும் அந்தச் சோதனையில் கார்டியோலிபின் என்ற கொழுப்புப் பொருளைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதற்கு எதிரான ஆன்டிபாடி (உடலின் எதிர்ப்புப் புரதம்), அதாவது உங்களுக்கு வந்திருக்கும் ஆன்டிகார்டியோலிபின், ரத்தத்தில் இருந்தால், சிபிலிஸ் இல்லாமலேயே பாசிட்டிவ் வரலாம். டி.பி.எச்.ஏ. என்ற உறுதிச் சோதனையைச் செய்து, அது நெகட்டிவ் என்றால் அந்தத் தாளை வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும்படி வையுங்கள்.

ஏ.என்.ஏ.வை, அதாவது செல்லின் உட்கருவுக்கு எதிரான ஆன்டிபாடியை, நான் பெரிதாக எடுத்துக்கொள்ளமாட்டேன். ஆரோக்கியமான பெண்கள் பலருக்கும் அது பாசிட்டிவாக வரும். மூட்டுவலி, முடி உதிர்தல், முகத்தில் சிவந்த தடிப்பு இருந்தால், எதிர்ப்புச் சக்தி தன் உடலையே தாக்கும் லூபஸ் நோய் உண்டா என்று பார்க்க வேண்டும். வேறு தொந்தரவு இல்லையென்றால் அதற்காக மருந்து தேவையில்லை. ஸ்டீராய்டு வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. இப்படி ஆன்டிபாடி இருந்து திரும்பத் திரும்பக் கரு கலைந்த பெண்களிடம் கனடாவில் செய்த ஆய்வு 1997இல் வெளியானது. ஸ்டீராய்டும் ஆஸ்பிரினும் பெற்றவர்களுக்கு உயிருள்ள குழந்தை பிறப்பது குறிப்பிடும்படி கூடவில்லை. குறைப்பிரசவமோ 12 சதவீதத்திலிருந்து 62 சதவீதமாக ஏறியது.

கவனிக்க வேண்டியது ஆன்டிகார்டியோலிபினைத்தான். பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன் ஆன்டிபாடி, லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் ஆகிய இரண்டும் அதன் கூட்டாளிகள். இந்த மூன்றில் ஒன்று நிலையாக இருந்து, உங்களைப் போல் கரு கலைந்த வரலாறும் இருந்தால் ஆன்டிபாஸ்போலிபிட் சிண்ட்ரோம் என்போம். லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் ஒரு வேடிக்கையான பெயர்: சோதனைக் குழாயில் ரத்தம் உறைவதைத் தாமதமாக்கும், உடலுக்குள்ளோ உறையவைக்கும். நஞ்சுக்கொடியில் ரத்தம் கட்டுவதுதான் சிக்கல் என்று முன்பு நினைத்தோம். நஞ்சுக்கொடியை உருவாக்கும் செல்களையே இந்த ஆன்டிபாடிகள் கருப்பைச் சுவரில் சரியாக வேரூன்ற விடுவதில்லை என்று இப்போது தெரிகிறது. “உடம்பே குழந்தையை அழிக்கிறது” என்ற பேச்சை மறந்துவிடுங்கள். தடுமாறுவது குழந்தைக்கு ஊட்டம் போகும் வழி.

ஆனால் ஒரு முறை வந்த பாசிட்டிவ் போதாது. சாதாரணத் தொற்றுக்காய்ச்சலுக்குப் பிறகும் இவை சிறிது காலம் தலைகாட்டி மறையும். குறைந்தது 12 வாரம் கழித்து மூன்றையும் மறுபடி பாருங்கள். அளவும் முக்கியம்: ஆன்டிகார்டியோலிபின் 40 அலகுக்கு மேல் என்றால் பொருட்படுத்த வேண்டும், 18 போன்ற குறைந்த அளவுக்கு அவ்வளவு கனமில்லை.

உறுதியானால் சிகிச்சை இருக்கிறது: குறைந்த அளவு ஆஸ்பிரின், கர்ப்பம் உறுதியானதும் தினமும் ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி. 1997இல் வெளியான லண்டன் ஆய்வில் ஆஸ்பிரின் மட்டும் பெற்ற 45 பேரில் 19 பேருக்கும், இரண்டும் பெற்ற 45 பேரில் 32 பேருக்கும் குழந்தை பிறந்தது. பின்னால் வந்த எல்லா ஆய்வுகளிலும் இவ்வளவு வித்தியாசம் தெரியவில்லை. என்றாலும் நான் இதைத்தான் எழுதித் தருவேன். ஹெப்பாரின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் போகாது. வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்து நீங்களே போட்டுக்கொள்ளலாம்; போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள், கன்றிப்போகும்.

ஆரம்பத்திலேயே கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதிக்குக் குரோமோசோம் கோளாறே காரணம். ஆகவே தைராய்டு, சர்க்கரை, கருப்பையின் அமைப்பு ஆகியவற்றோடு உங்கள் இருவரின் குரோமோசோம் சோதனையையும் டாக்டரிடம் கேளுங்கள். ஆம், கணவருக்கும்தான்.

மறுபரிசோதனை முடியும்வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடுங்கள். கர்ப்பத்திலும் ஹெப்பாரின் போடும்போதும் லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் முடிவை நம்ப முடியாது. லேபுக்குப் போகும்போது போன மாத ரிப்போர்ட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.