எரு போட்ட பாத்தியில் ஈரப்பத மீற்றர் ஏன் தவறாகக் காட்டுகிறது?

கேள்வி: கந்தப்பளையில் அரை ஏக்கர் உருளைக்கிழங்கு போட்டிருக்கிறேன். மண்ணின் ஈரம் பார்க்க இரண்டு கம்பியுள்ள மீற்றர் ஒன்று வாங்கினேன். கோழி எரு போட்ட கீழ்ப் பாத்தியில் எப்போதும் ஈரம் என்கிறது. கல் கலந்த மேல் பாத்தியில், மண் கையில் ஒட்டும்போதும் வறட்சி என்கிறது. மீற்றர் பழுதா? விலை கூடியதை வாங்கலாமா?

பதில்: மீற்றர் பழுதடைந்திருக்க வாய்ப்புக் குறைவு. இவ்வகை மீற்றர், இரு கம்பிகளுக்கிடையே மண்ணில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதைப் பார்த்து, அதையே ஈரமாகக் காட்டுகிறது. எருவிலுள்ள உப்புகள் நீரில் கரையும்போது மின்சாரம் கூடுதலாகப் பாய்வதால், பாத்தி காய்ந்துகொண்டு வரும்போதும் முள் ஈரத்தின் பக்கமே நிற்கும். இரண்டு கோப்பைகளில் பீலித் தண்ணீர் எடுத்து, ஒன்றில் மட்டும் ஒரு சிட்டிகை எம்.ஓ.பி. (பொட்டாசியம் குளோரைட்டு) பசளையைக் கரைத்து, கம்பிகளை மாறி மாறி வைத்துப் பாருங்கள். இரண்டிலும் இருப்பது தண்ணீர்தான் என்றாலும் பசளை கரைத்த கோப்பையில் முள் மேலேறும். (யூரியா போட்டால் இந்த வேறுபாடு தெரியாது, அது கரைந்தாலும் மின்சாரத்தைக் கடத்தாது.) மேல் பாத்தியில் நடப்பது வேறு: கம்பி கல்லில் பட்டு விலகும் இடத்தில் காற்று இடைவெளி உண்டாகி, ஈர மண்ணும் காய்ந்ததாகத் தெரிகிறது.

விலை கூடிய மின்கொள்ளளவு வகைக் கருவிகளை (மண் எவ்வளவு மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் என்று பார்ப்பவை) உப்பு அவ்வளவாகக் குழப்புவதில்லை. ஆனாலும் உக்கல் நிறைந்த மலைநாட்டு மண்ணுக்கு அவற்றைத் தனியாக அளவுதிருத்தம் செய்யாவிட்டால் காட்டும் எண்ணை நம்ப முடியாது. காற்று இடைவெளி அவற்றையும் ஏமாற்றும்.

உங்களுக்கு நான் சொல்வது டென்சியோமீற்றர். அடியில் நுண்துளை கொண்ட பீங்கான் முனையும், நீர் நிரப்பிய குழாயும், மேலே ஒரு மானியும் கொண்ட இக்கருவி, மண்ணிலிருந்து நீரை எடுக்க வேர் எவ்வளவு இழுவிசை செலுத்த வேண்டுமோ அதையே சென்ரிபார் என்ற அழுத்த அலகில் காட்டும். உப்பு இதைப் பாதிக்காது. முனையை ஓரிரவு நீரில் ஊறவைத்து, செடிகளுக்கிடையே 20 சென்ரிமீற்றர் ஆழத்தில், ஈரமாகக் குழைத்த மண்ணைச் சுற்றி அணைத்துப் புதையுங்கள். சரிவான நிலம் என்பதால் மேலே ஒன்றும் கீழே ஒன்றும் வேண்டும். மானி 10க்குக் கீழே இருந்தால் மண்ணில் நீர் மிகுதி. 30ஐ நெருங்கும்போது தண்ணீர் விடுங்கள். உங்கள் மலைநாட்டு உயரத்தில் 60ஐத் தாண்டினாலே குழாய்க்குள் காற்று புகக்கூடும், அப்போது மீண்டும் நீர் நிரப்ப வேண்டும்.

அது கிடைக்கும்வரை, கீழ்ப் பாத்தியில் மீற்றரை நம்பித் தண்ணீரை நிறுத்தி வைக்காதீர்கள். கிழங்கு பிடிக்கும் பருவத்தில் வரும் வறட்சி விளைச்சலை நேராகக் குறைக்கும். மண்வெட்டியால் ஒரு சாண் ஆழம் தோண்டி, அடிமண்ணைக் கையில் பிடித்து அழுத்துங்கள். உருண்டை பிடிக்காமல் உதிர்ந்தால் அன்றைக்கே, காலையிலேயே தண்ணீர் விடுங்கள். மாலையில் தூவினால் இலைகள் இரவு முழுவதும் நனைந்திருந்து வெளிறல் நோய்க்கு இடமாகும்.