தொட்டிக்குள் யாரையும் இறக்காதீர்கள்

கேள்வி: பழநி அடிவாரத்தில் 14 அறை லாட்ஜும், கீழே மெஸ்ஸும் நடத்துகிறோம். தைப்பூசக் கூட்டத்தில் கழிவறைகளில் தண்ணீர் எதிர்த்து வந்துவிட்டது. செப்டிக் டேங்கைப் பார்க்க வந்தவர், "இரண்டு பேரை உள்ளே இறக்கினால் ஒரு மணி நேர வேலை" என்கிறார். வீட்டுக்காரர் சரி என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. வேறு வழி உண்டா? அடைப்பு திரும்ப வராமலிருக்க என்ன செய்வது?
- வாசகி, பழநி

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் மனசு சொன்னதுதான் சரி. இறக்காதீர்கள். இடுப்பில் கயிறு கட்டி, முகத்தில் துண்டு கட்டி, "பழகின ஆள்தான்" என்று யார் சொன்னாலும் வேண்டாம்.

தொட்டிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது. மூடியைத் திறந்து வைத்தாலும் அடியில் அப்படியே கிடக்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடியதும் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "நாற்றம் போயிடுச்சு, இறங்கலாம்" என்று நினைக்கிற நேரத்தில்தான் உயிர் போகிறது. கசடைக் கிளறினால் உள்ளே அடைபட்ட வாயு ஒரேயடியாக வெளிவரும். சாய்ந்தவரைத் தூக்க இறங்குகிறவரும் சாய்வார். ஒரே தொட்டியில் இரண்டு பேர், மூன்று பேர் என்று செய்தியில் படிக்கிறோமே, அது இப்படித்தான் நடக்கிறது.

வீட்டுக்காரரிடம் சட்டத்தையும் சொல்லுங்கள். மனிதரைக் கொண்டு மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பில்லாமல் தொட்டிக்குள் ஆளை இறக்குபவருக்கு முதல் முறையே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இப்படி இறப்பவரின் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023இல் 30 லட்சமாக உயர்த்தியது.

இப்போது செய்ய வேண்டியது: கழிவுநீர் அகற்றுவதற்கான உதவி எண் 14420க்குப் போன் செய்து, உரிமம் பெற்ற கழிவுநீர் லாரியை வரவழையுங்கள். கசடு இறுகியிருந்தால் மேலிருந்தபடியே தண்ணீரைப் பீய்ச்சி இளக்கிக் குழாயால் உறிஞ்சலாம். எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள் என்றும் கேளுங்கள். வாய்க்காலில் விட்டால் உங்கள் தொட்டி சுத்தமாகும், ஊர்த் தண்ணீர் கெடும்.

அடைப்புக்குக் காரணம் மெஸ்ஸாக இருக்கலாம் என்பது என் சந்தேகம். பாத்திரம் கழுவும் தண்ணீரும் அதே தொட்டிக்குத்தான் போகிறதா என்று பாருங்கள். சூடாகப் போகும்போது எண்ணெய் தண்ணீரோடு ஓடிவிடும். ஆறியதும் குழாயின் உட்சுவரில் மெழுகு மாதிரி படியும். அதற்குத்தான் கிரீஸ் டிராப். கழுவு தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் அதில் கொஞ்ச நேரம் நிற்கும். எண்ணெய் மேலே மிதக்கும், சோற்றுப் பருக்கை அடியில் தங்கும், நடுவிலிருக்கும் தண்ணீர் மட்டும் வெளியே போகும். நான் பார்த்த ஒரு ஓட்டலில் கட்டி வைத்தார்கள், ஆனால் மூடியைத் திறந்ததே இல்லை. ஒருநாள் நெம்பித் திறந்தபோது ஒரு சாண் கனத்துக்கு வெளிறிய மஞ்சள் பாளம். அதில் கடுகும் கறிவேப்பிலையும் பதிந்திருந்தன, தாளித்த மணம்கூடப் போகவில்லை. ஆழத்தில் கால் பங்கு கொழுப்பும் கசடுமாகச் சேர்ந்துவிட்டால் எடுத்துவிட வேண்டும். உங்கள் மெஸ்ஸுக்கு வாரம் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. கழுவும் முன் தட்டையும் வாணலியையும் வழித்துக் குப்பையில் போடச் சொன்னால் பாதி வேலை குறையும்.

பொரித்து மிஞ்சிய எண்ணெயைக் கழுவு தொட்டியில் ஊற்ற விடாதீர்கள், தள்ளுவண்டிக்காரருக்கும் விற்காதீர்கள். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் சேரும் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் சமைக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. பயோடீசலுக்காக அதை வாங்கிக்கொள்ளும் அங்கீகரிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் விசாரியுங்கள்.

அப்புறம், அறை சுத்தம் செய்கிறவர்கள் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்து ஊற்றுகிறார்களா என்று கவனியுங்கள். அந்தக் கலவையிலிருந்து குளோரின் வாயு வரும். கதவு சாத்திய சின்னக் குளியலறையில் அந்தப் பெண்களின் நுரையீரல் என்ன ஆகும்! தினமும் ஊற்றும் ஆசிட், தொட்டியில் கசடைத் தின்னும் பாக்டீரியாவையும் கொன்றுவிடும். சோப்புத்தூளும் பிரஷும் போதும்.

கடைசியாக ஒன்று. உங்கள் தொட்டி 14 அறைக்குக் கணக்குப் பார்த்துக் கட்டியது. தைப்பூசத்தில் ஓர் அறைக்கு எத்தனை பேர் படுக்கிறார்கள்? பங்குனி உத்திரத்துக்கு ஒரு வாரம் முன்பே லாரிக்குச் சொல்லிவிடுங்கள்.