வாசகர் கேள்விகள்: டீடிஎஸ் மீட்டருக்குத் தெரியாத அழுக்கு

கேள்வி: தொடர்மாடியின் மேல்தளத்தில் இருக்கிறோம். பிஃபாஸ் என்ற, எளிதில் சிதையாத இரசாயனம் கொதித்தாறிய நீரிலும் இருக்கும் என்கிறார்களே? ஆர்ஓ (சவ்வு வழியாக நீரை வடிக்கும் கருவி) விற்க வந்தவர் குழாய்நீரில் இரண்டு கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சினார், நீர் பழுப்பாகிவிட்டது. ஆர்ஓ நீர் அப்படியே இருந்தது. வாங்கலாமா?
(வாசகி, வெள்ளவத்தை)

பதில்: அந்தப் பழுப்பு நீரின் அழுக்கல்ல, கம்பியின் இரும்புத் துரு. நீரில் உப்பு இருந்தால்தான் மின்சாரம் ஓடி இரும்பு கரையும். ஆர்ஓ நீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள், அதுவும் பழுப்பாகும்.

பிஃபாஸ் விஷயம் உண்மைதான். கொதிக்கும்போது நீர்தான் ஆவியாகும், இரசாயனம் பானையிலேயே தங்கும். யூவி (புற ஊதா) விளக்காலும் பயனில்லை. நல்ல ஆர்ஓ மெம்பிரேன் (நுண்ணிய சவ்வு) பொதுவாக 90 சதவீதத்துக்கு மேல் பிடித்துவிடும். வாங்கும்போது என்எஸ்எஃப் 58 (ஆர்ஓ கருவிகளுக்கான தரநிலை) சான்றிதழைக் கேளுங்கள். அதில் பிஃபாஸ் நீக்கமும் தனியாகக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் டீடிஎஸ் மீட்டரைக் காட்டி 'சுத்தம்' என்றால் நம்ப வேண்டாம். 2024 ஏப்ரலில் அமெரிக்கா பிஃபாஸ் வகைகளான பீஎஃப்ஓஏ, பீஎஃப்ஓஎஸ் ஒவ்வொன்றுக்கும் வைத்த வரம்பு லீட்டருக்கு 4 நனோகிராம். மீட்டர் காட்டும் ஆகச் சிறிய எண்ணான 1, லீட்டருக்கு 1 மில்லிகிராம். அதாவது அந்த வரம்பைப் போல இரண்டரை லட்சம் மடங்கு. மெம்பிரேன் ஓட்டையா என்று பார்க்க மட்டும் மீட்டர் உதவும். 5 நிமிடம் ஓடவிட்டு, உள்ளே போகும் நீரையும் மெம்பிரேனிலிருந்து வரும் நீரையும் அளந்து பாருங்கள். உள்ளே 80, வெளியே 6 என்றால் 92.5 சதவீதம் பிடிக்கிறது. 80 சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றுங்கள். புது மெம்பிரேனிலேயே குறைவாக வந்தால், அநேகமாக உறைக்குள் அது சரியாக அமரவில்லை, அல்லது ஓ-வளையம் மடிந்திருக்கிறது.

உங்கள் வீட்டில் முதல் சிக்கல் அமுக்கம். ஆர்ஓவுக்கு 40 முதல் 60 பிஎஸ்ஐ (அமுக்க அலகு) வேண்டும். மொட்டைமாடித் தாங்கி உங்கள் குழாயைவிட 3 மீற்றர் உயரத்தில் இருந்தால் கிடைப்பது ஏறத்தாழ 4 பிஎஸ்ஐதான். பூஸ்டர் பம்ப் இல்லாமல் வாங்காதீர்கள்.

வரிசை: 5 மைக்ரோன் படிவு வடிகட்டி, காபன், பிறகு மெம்பிரேன். காபனை 6 மாதத்துக்கொரு முறை மாற்றுங்கள். 'வாசனை வரவில்லையே' என்று இழுத்தடிப்பவர்களே அதிகம். குழாய்நீரின் குளோரின் மெம்பிரேனை அரித்துக்கொண்டிருக்க, மெம்பிரேனுக்குப் பின்னால் கடைசியிலுள்ள இன்னொரு காபன் அந்த வாசனையை மறைத்துவிடும்.

கேள்வி: ஆர்ஓவின் தாங்கி நிறைந்த பிறகும் கழிவுக்குழாயில் நீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. பம்ப் இல்லாத ஆர்ஓ.
(வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: தாங்கியின் வால்வைத் திறந்தபடியே விட்டு, ஆர்ஓவுக்கு வரும் நீரை மட்டும் அடையுங்கள். கழிவு அப்படியும் ஓடினால், தாங்கி நீர் பின்னால் திரும்புகிறது. மெம்பிரேன் உறையின் வெளிவாயிலிலுள்ள செக் வால்வை (நீரைத் திரும்ப விடாத வால்வு) மாற்றுங்கள். உடனே நின்றால், கோளாறு, தாங்கி நிறைந்ததும் வரும் நீரை நிறுத்தும் தானியங்கி அடைப்பு வால்விலாக இருக்கலாம். அதை மாற்றுமுன், வரும் நீரின் அமுக்கத்தைப் பாருங்கள்: 40 பிஎஸ்ஐக்குக் குறைவாக இருந்தால் புது வால்வும் முழுதாக மூடாது.