ப்ரோஃபீட் கேள்வி-பதில்: எண்ணுக்கெல்லாம் ஃபீச்சர் எதற்கு?

ஒரே அமைப்பின் பல வடிவங்களை ஒரு குடும்பமாக, ஒரே மாடலில் எழுத உதவும் கருவி ப்ரோஃபீட். ஜெர்மனியின் டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவானது. ஒரு வடிவத்தில் இருக்கவோ இல்லாமல் போகவோ கூடிய அம்சம்தான் ஃபீச்சர். இதில் எழுதும் மாடல், நிகழ்தகவு மாடல்களைச் சோதிக்கும் மென்பொருளான ப்ரிசத்தின் மாடலாக மாறித்தான் சோதனைக்குப் போகும். இந்த முறை வந்த கேள்விகளில் பாதி அளவுருக்களைப் பற்றியவை.

பஃபரின் கொள்ளளவு 1 முதல் 5 வரை மாறும். ஐந்து ஃபீச்சர் எழுதி, அவற்றில் ஒன்று மட்டும் இருக்கும்படி ‘ஒன் ஆஃப்’ போட்டேன். சரியா?

ஓடும், ஆனால் வேண்டாத வேலை. இருக்கிறதா இல்லையா என்பதற்கு ஃபீச்சர். எவ்வளவு என்பதற்கு அளவுரு. குடும்பத்தை வரையறுக்கும் ‘ஃபேமிலி’ பகுதிக்குள் கொள்ளளவு 1..5 என்று ஒரு வரி போதும். எச்சரிக்கை அளவையும் 1..5 என்று சேர்த்தால் 25 சேர்க்கைகள். எச்சரிக்கை அளவு கொள்ளளவைத் தாண்டக்கூடாது என்று ‘இனிஷியல் கன்ஸ்ட்ரெயின்ட்’ (தொடக்க நிபந்தனை) எழுதினால் 15. அப்புறம் நிபந்தனையற்ற இரண்டு விருப்ப ஃபீச்சர்கள் வந்தால் 60. ஓட்டும் முன் இதைத் தாளில் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரே தொடக்க நிலை என்றால், கருவியும் தொடக்க நிலைகள் 60 என்றே காட்ட வேண்டும். 100 என்று வந்தால் அந்த நிபந்தனையை எழுத மறந்திருக்கிறீர்கள்!

மாறியின் வரம்பை 0..கொள்ளளவு என்று எழுதினால் பிழை வருகிறதே?

ப்ரிசத்தில் வரம்பு மாறிலியாக இருக்க வேண்டும். 0..5 என்று உச்சத்தைக் கொடுத்துவிட்டு, ‘இருப்பு < கொள்ளளவு’ என்பதைக் கட்டளையின் கார்டில் (guard, கட்டளை ஓடுவதற்கான நிபந்தனை) வையுங்கள்.

ஓடும்போது அளவுருவை மாற்றலாமா?

முடியாது. ஃபீச்சரை மாற்றலாம், ஓடும்போது ஃபீச்சர்களைச் சேர்க்கவும் நீக்கவும்தான் ஃபீச்சர் கன்ட்ரோலர் என்ற பகுதி.

ப்ரிசத்தில் நேரடியாக ஓட்டினேன். விடை ஒரு எண்ணாக இல்லாமல், இரண்டு எண்களுக்கு இடைப்பட்ட வரம்பாக வருகிறது. எது எந்த அமைப்புக்கு?

தொடக்க நிலைகள் பல இருந்தால், அவற்றின் மிகச் சிறிய விடையையும் மிகப் பெரிய விடையையும்தான் ப்ரிசம் காட்டும். சோதிக்கும் பண்பை ‘ஃபில்டர்’, ‘பிரின்ட்ஆல்’ கொண்டு ‘இனிட்’ (தொடக்க) நிலைகளுக்குக் கேளுங்கள். ஒவ்வொன்றும் தனி வரியாக வரும்.

ஒவ்வொரு வடிவமாக இல்லாமல், குடும்பம் முழுவதையும் மொத்தமாகச் சோதித்தால் எப்போதும் வேகமா?

இல்லை. குடும்பத்தின் உறுப்பினர்களுக்குள் பொதுவான நடத்தை நிறைய இருந்து, நிலைகளை முடிவு வரைபடமாகச் சுருக்கி வைக்கும் குறியீட்டு எஞ்சினில் ஓட்டினால் லாபம். நிலைகளைத் தனித்தனியாகச் சேமிக்கும் எக்ஸ்ப்ளிசிட் எஞ்சினில் எல்லா நிலைகளும் ஒன்றாகக் குவியும், நினைவகம் திணறும். குறியீட்டு எஞ்சினிலும் மாறிகளை அறிவிக்கும் வரிசை மாறினால் அந்த வரைபடத்தின் அளவு பெரிதும் மாறிவிடும். நான் முதலில் சின்ன வரம்பு வைத்து இரண்டு விதமாகவும் ஓட்டிப் பார்த்துவிடுவேன்.