‘நூற்றொரு டால்மேஷன்கள்’ படத்தில் பென்சில் கோடுகள் அப்படியே தெரிவது ஏன்?

உடலெங்கும் கரும்புள்ளிகள் கொண்ட டால்மேஷன் நாய்களைப் பற்றிய, டிஸ்னியின் 1961ஆம் ஆண்டு ஓவிய அசைவுப் படமான இது, முந்தைய படங்களின் வழவழப்பு இல்லாமல் சொரசொரப்பாகத் தெரிவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். காரணம் பணத்தில் தொடங்குகிறது. 1959இல் வெளியான ‘ஸ்லீப்பிங் பியூட்டி’, ஏறத்தாழ 60 லட்சம் டாலர் செலவில் உருவாகியும் முதல் வெளியீட்டில் போட்ட முதலை மீட்காததால், ஸ்டுடியோவில் பலர் வேலையிழந்தனர். அதுவரை ஓவியர்களின் பென்சில் படங்களைக் கலைஞர்கள் ஒளிபுகும் தகட்டில் மையால் ஒவ்வொன்றாகப் பிரதியெடுத்து வந்தனர். ஸ்டுடியோவின் தொழில்நுட்ப வல்லுநர் அப் ஐவர்க்ஸ் இதற்கெனத் தகவமைத்த ஜெராக்ஸ் முறை அந்த வேலையை ஏற்றுக்கொண்டது; பென்சில் படத்தையே நேரடியாகத் தகட்டில் நகலெடுத்ததால், அதன் கோடுகளும் அப்படியே பதிந்தன.

இம்முறை இல்லாமல் இப்படத்தை எடுத்திருக்கவே முடியாது என்பது என் கருத்து. தந்தை நாய் பொங்கோவுக்கு 72, தாய் நாய் பெர்டிட்டாவுக்கு 68, ஒவ்வொரு குட்டிக்கும் 32 என, படம் முழுவதற்கும் 64,69,952 புள்ளிகள் வரையப்பட்டதாக ஸ்டுடியோ விளம்பரம் செய்தது.

கலை இயக்குநர் கென் ஆண்டர்சன் பின்னணிகளையும் அதே கோட்டுப் பாணியில் அமைத்தார். வால்ட் டிஸ்னிக்கு அது பிடிக்கவில்லை. ரசிகர்களோ படத்தைப் பெரும் வெற்றியாக்கினர். படத்தின் வில்லி குருயெல்லா சிகரெட்டை வீசி ஆட்டியபடி வீட்டுக்குள் நுழையும் காட்சியை நிறுத்திப் பாருங்கள்: ஒட்டிய கன்னத்திலும், எலும்பான கைகளைச் சுற்றிப் புரளும் விலங்கு ரோம அங்கியிலும், அவளை வரைந்த மார்க் டேவிஸின் பென்சில் அழுத்தம்கூடத் தெரியும்.