விரலில் 97 காட்டும்போது இருதயத்துக்குள் குழாய் எதற்கு?

பல்லடம் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்கு 54 வயசுங்க. போன வருசம் காலில் ரத்தம் கட்டி, அது நுரையீரலுக்குப் போய் அடைச்சு, பொழைச்சு வந்தாங்க. இப்ப நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குது. எக்கோ (இருதய ஸ்கேன்) பார்த்துட்டு நுரையீரல் ரத்தக்குழாயில் பிரஷர் அதிகம், குழாய் விட்டு அளக்கணும்ங்கறாங்க. விரல் மெஷின்ல 97 காட்டுதே, இது தேவையா?"

தேவைதான் தம்பி.

உங்கள் ஊர்ப்பக்கம் தென்னந்தோப்பில் சொட்டுநீர் போட்டிருப்பார்கள். போர் தண்ணியின் உப்பு படிந்து குழாய் அடைத்துக்கொண்டால், தொட்டியில் தண்ணீர் நிறையத்தான் இருக்கும், ஆனால் மோட்டார் பக்கம் இருக்கிற பிரஷர் மீட்டரில் முள் ஏறிவிடும். விரல் மெஷின் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் அனுப்பி ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று மட்டும் சொல்லும். நுரையீரல் ரத்தக்குழாய்க்குள் இருக்கும் அழுத்தம் அதற்குத் தெரியாது. உட்கார்ந்திருக்கும்போது 97 காட்டி, நடந்தால் 80-களுக்கு இறங்குகிறவர்களும் உண்டு, அதனால்தான் ஆறு நிமிடம் நடக்கவிட்டுப் பார்க்கிறோம்.

எக்கோவும் ஒரு கணிப்புதான், கூடவும் குறையவும் காட்டும். சரியாக அளக்க கழுத்து அல்லது தொடை ரத்தநாளம் வழியாக மெல்லிய குழாயை வலது இருதயம் தாண்டி நுரையீரல் தமனி வரை விட வேண்டும். அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி போடுவார்கள், அம்மா முழித்துப் பேசிக்கொண்டிருக்கலாம். அந்த மெல்லிய குழாய்க்குள் இருக்கும் திரவம் அழுத்தத்தை வெளியே கட்டில் பக்கம் இருக்கும் சென்சாருக்குக் கடத்தும். நுரையீரல் தமனியில் சராசரி அழுத்தம் 20 மி.மீ.க்கு (பாதரச அளவு) மேல் போனால் அதிகம் என்று கணக்கு. அப்புறம் நுனியில் உள்ள குட்டி பலூனை ஊதி ஒரு கிளையை நொடி நேரம் அடைத்தால் இடது இருதயத்தின் அழுத்தமும் தெரிந்துவிடும்; அது 15-க்குள் இருந்தால் கோளாறு நுரையீரல் குழாயில்தான், மேலே போனால் இருதயத்தில். இரண்டுக்கும் வைத்தியமே வேறு. பழக்கப்பட்ட கைகளில் பெரிய சிக்கல் 100 பேரில் ஒருவருக்கு வரலாம், அவ்வளவுதான்.

நான் இவ்வளவு வற்புறுத்தக் காரணம் அந்தப் பழைய ரத்தக்கட்டி. அது கரையாமல் குழாய்ச் சுவரோடு ஒட்டித் தழும்பாகியிருந்தால், ஆபரேஷனில் உரித்தெடுக்க முடியும், பலர் அதற்கப்புறம் நன்றாக நடக்கிறார்கள். வி/க்யூ ஸ்கேன் (நுரையீரலில் காற்றும் ரத்தமும் எங்கெங்கே போகிறது என்று காட்டும் ஸ்கேன்) எடுத்தாயிற்றா என்று டாக்டரிடம் கேளுங்கள், அது முதலில் வர வேண்டும்.

ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நடக்கும்போது அம்மாவுக்குக் கண் இருட்டி மயக்கம் வந்தால் அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றைக்கே கூட்டிப் போங்கள்.